ஊரெல்லாம் விசாரித்தவர்

மருந்துக்கடை உமர் பாரூக்தான் முதலில் ஃபோன் செய்தார்.

"அம்மா, பீங்கான் கம்பெனியில வேலை பாக்குற கொளஞ்சியப்பன்னு ஒருத்தர் நம்ம டாக்டரப் பத்தித் தோண்டித் தோண்டிக் கேக்குறாரு. எங்க படிச்சாரு, மேல்படிப்பு முடிச்சாரா, குடிப்பாரா, கோவம் வருமான்னு. நாளைக்கு உங்க வூட்டுக்கே வராராம்!"

அம்சவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்துநான்கு வயது டாக்டர் மகனுக்கு இன்னும் ஒரு வரன்கூடத் தகையாத வீடு அது. மறுநாள் விடிந்ததுமே முந்திரி நிறையப் போட்டுக் கேசரி கிளறினாள். பட்டுப்புடவையும் கட்டிக்கொண்டாள்.

வந்து உட்கார்ந்த கொளஞ்சியப்பன், தட்டு நிறையக் கேசரியைப் பார்த்து விழித்தார்.

"தம்பி பிளாஸ்டிக் சர்ஜரி தனியாப் படிச்சது நெசந்தானுங்களே?"

"சென்னையில மூணு வருஷம் படிச்சான்! பொண்ணு ஃபோட்டோ கொண்டாந்தீங்களா?"

"பொண்ணா? என் பையனுக்குங்க!"

அம்சவல்லியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"காலேஜ் படிக்கிறான். மாரு பெருசா இருக்குதுன்னு வூட்டுலகூடச் சட்டையக் கழட்ட மாட்டேங்குறான். தம்பி அதுக்கு ஆபரேஷன் செய்யுறாருன்னு சொன்னாங்க. விசாரிக்காம பெத்த புள்ளைய ஒருத்தர் கையில புடிச்சுக் குடுக்க முடியுங்களா?"

அம்சவல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சரி, விசாரிச்சதுல என்ன சொன்னாங்க?"

"ஒருத்தரும் ஒரு குறை சொல்லலீங்க. தங்கமான கையாம், தங்கமான கொணமாம். அடுத்த வாரமே பையனக் கூட்டியாரேன்."

அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கேசரி விழுந்தது.

"நல்லா சாப்புடுங்க. சாப்புட்டுட்டு, இதையே நாலு பொண்ணு வூட்டுல போய்ச் சொல்லுங்க!"