கம்பிக்காரன் வீட்டு மெழுகுவர்த்தி

1933-ல் அரசாங்கம் தானியத்தைப் பறித்துக்கொண்டதால் பட்டினியில் செத்தவர்களுக்காக, நவம்பரில் ஒரு சனிக்கிழமை உக்ரைன் முழுக்கச் சன்னல்களில் மெழுகுவர்த்தி எரியும். ஸோரியானா வீட்டுச் சன்னல் மட்டும் இருட்டாகவே கிடக்கும்.

இந்த வருஷம் அவள் தீக்குச்சியை எடுத்ததும் அண்ணன் ஓஸ்தாப் தடுத்தான்.

“வீடு வீடாப் போய் இரும்புக் கம்பியால தரையைக் குத்தி, ஒளிச்சு வெச்ச கோதுமையை அள்ளிட்டுப் போனது யாரு? நம்ம தாத்தா. அந்தக் கம்பியை அப்பா நடு ஆத்துல வீசியும் கம்பிக்காரன் வீடுங்கிற பேரு போகல. நாம ஏத்தினா தெருவே காறித் துப்பும்.”

“துப்பட்டுமே அண்ணா. பறிகொடுத்தவங்க மட்டும் நினைச்சாப் போதுமா?”

ஏற்றிவிட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கப் போனான்.

விடிந்ததும் எதிர்வீட்டு மெலானியா மடியில் கோதுமையை ஏந்திக்கொண்டு வந்தாள்.

“ஏண்டி, என் சன்னல்ல இதை வெச்சது நீயா? தெருவுல ஒரு வீடு பாக்கியில்ல. இந்த ரகத்தை இப்ப யாரு விதைக்கிறா?”

ஸோரியானா தன் வீட்டுச் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு மணி கோதுமைகூட இல்லை. சுவரில் ஓர் இரும்புக் கம்பி சாய்ந்திருந்தது. அதில் சுற்றியிருந்த ஆற்றுப்பாசி இன்னும் காயவில்லை.