இடுகாட்டு வழியில் ஒரு பூட்டு

சூரியநெல்லியின் தேயிலைச் சரிவில் அந்தி வெயில் கரைந்துகொண்டிருக்கிறது. இடுகாட்டையும் தேயிலைக்கென வளைத்துக்கொண்ட தோட்டத்தார் பழைய பாதையின் குறுக்கே நிறுத்திய இரும்புக்கேட் பூட்டிக் கிடக்க, அதன்முன் முத்துப்பேச்சியின் பாடை தோள்களின்மேல் அசையாது நிற்கிறது. எடுத்த பாடை வீடு திரும்பலாகாது. இடையில் மண்ணிலும் படலாகாது. கூற்றுவன் திறந்த வழியை மனிதர் பூட்டியிருக்கின்றனர். சங்கு ஓய்ந்துவிட்டது. உதிர்ந்த செவ்வந்திகள் சேற்றில் மிதிபடுகின்றன.

"சாவி ஆபீஸ்ல இருக்கு மாமா. பூட்டை ஒடைச்சா என்னைய லயத்து வீட்டவிட்டே எறக்கிருவாவ," என்கிறான் கேட்டுக்கு உள்ளே நிற்கும் காவலாளி பிச்சைமணி.

"அவ கொழுந்து கிள்ள வந்த அன்னைக்கு எந்தக் கேட்டு பூட்டிக் கெடந்துச்சுலே?" கணவன் சுடலையின் குரல் உயரவில்லை.

முன்பக்கம் தாங்கும் விறகுக்கடை அசன் ராவுத்தர் தயங்கிச் சொல்கிறார்: "சுடலை, எங்க பள்ளிவாசல் கபர்ஸ்தான்ல பொதைக்க ஒரு மூலை கேட்டுப் பாக்கேன். ஜமாஅத்துல நான் பேசுதேன்."

"நீங்க தருவீக ராவுத்தரே, தெரியும். அவ பெத்த ரெண்டும் இந்தக் கேட்டுக்கு அங்கிட்டுதான கெடக்கு."

கம்பிகளுக்கு அப்பால், மழை கரைத்த இரண்டு சிறு மண்மேடுகள் இருளில் மறைந்துகொண்டிருக்கின்றன. ராவுத்தர் தோளை இன்னும் அழுத்திக் கொடுக்கிறார். தூறல் விழுகிறது. களைத்த கால்கள் ஓரடி முன்னே சறுக்க, பாடையின் மூங்கில் நுனிகள் கம்பிகளின் இடையே ஒரு சாண் நுழைகின்றன. பிச்சைமணி தலைத்துண்டை அவிழ்க்கிறான். உள்ளே நின்றபடியே குனிந்து, அந்த ஒரு சாண் மூங்கிலுக்குத் தோள் கொடுக்கிறான்.