அச்சமானி

படகை விட்டு இறங்கிய பிறகும் வதனிக்கு நடுக்கம் நிற்கவில்லை. கரையில் தொண்டு செய்ய வந்திருந்த ஜெசிந்தா அவளுக்குப் போர்வை போர்த்தி, சுடச்சுட டீ கொடுத்து, முதுகைத் தடவிவிட்டாள்.

"பயப்படாதம்மா. சண்டையெல்லாம் அந்தப் பக்கத்தோட போச்சு."

"ஓமக்கா. இப்பத்தான் மூச்சே வருது." வதனியின் மடியில் குழந்தை தூங்கிவிட்டது.

பிறகு அவளைச் சோதனை வாசலுக்குள் அனுப்பினார்கள். அங்கே வருபவர்களின் பயத்தை அளக்கும் அச்சமானி இயந்திரம் அவள் நாடியைப் பார்த்துச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"பயம் பத்தாது. இது நிஜ அகதி இல்ல, திருப்பி அனுப்புங்க" என்றார் அதிகாரி.

"அவளுக்குப் பயம் தெளிய வச்சதே நான்தான்யா" என்று ஜெசிந்தா கத்தினாள். "டீ குடுத்தது குத்தமா?"

"மிஷின் சொல்றதுதாம்மா. நான் என்ன பண்ண?"

வதனியையும் குழந்தையையும் வந்த படகிலேயே ஏற்றினார்கள்.

அடுத்த படகிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி, போர்வைக்குக் கை நீட்டினார். ஜெசிந்தா டீ கேனை மணலில் கவிழ்த்தாள். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"எதுக்குய்யா வந்த? உன்னையும் கடல்ல தள்ளப் போறாங்க."

அவர் உதடு வெளுத்து, உடம்பெல்லாம் உதறத் தொடங்கியது. ஜெசிந்தா அவரைச் சோதனை வாசல் பக்கம் திருப்பிவிட்டாள்.

"இப்படியே ஓடுங்கய்யா, நடுக்கம் நிக்கிறதுக்குள்ள."