மனுவில் ஒரு திருத்தம்

"பொய்யா பலாத்காரக் கேஸ் கொடுத்தவங்களுக்கு எத்தனை வருஷம் மேடம்?"

லிங்கராஜபுரத்து வக்கீல் சாந்தகுமாரி, எதிரே இருந்த தர்ஷினியைப் பார்த்தார். "நிரூபிச்சா ஜெயில்தான். உள்ளே இருக்கிறவர் உனக்கு யாரும்மா?"

"வீட்டுக்காரர் சுஹாஸ். கல்யாணமாகி நாலே மாசம்."

"கவலைப்படாதே. அந்தப் பொண்ணைக் கூண்டுல ஏத்தி நாலு கேள்வி கேட்டா உண்மை வந்துரும். யாரு அவ?"

"நான்தான் மேடம்."

சாந்தகுமாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அவர் வேற ஜாதி. என்னைக் கடத்திக் கெடுத்துட்டாருன்னு அத்திபெலே போலீஸ் ஸ்டேஷன்ல அப்பா எழுதிக் கொடுத்துட்டாரு."

"அப்பா சொன்னது பொய்யின்னு கோர்ட்ல சொல்லு. சுஹாஸை விட்டுருவாங்க. அப்புறம் உங்க அப்பா மேல கேஸ் போடலாம்."

"அப்பாவுக்கு சுகர் மேடம். கேஸ் பொய்யின்னு இருக்கணும். ஆனா அப்பா பொய் சொன்னாருன்னு வரக்கூடாது. அப்படி எழுதித் தர முடியுமா?"