இராமதாஸ் சாரின் செல்போன்

"சார், செல்ல உள்ள வைங்க. இது மூணாவது தடவ."

நான் கிசுகிசுத்ததற்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

2007, பங்குனி மாதத்து ஞாயிறு. பொட்டானிக்கல் கார்டனில் பறவைக் கணக்கெடுப்பு. இப்போது மாதிரி எல்லாவற்றையும் செல்லிலேயே தட்டிவிடுகிற காலம் இல்லை அது. அட்டை, காகிதம், பென்சில். ஜோடி ஜோடியாகப் பிரிந்துபோவோம். ஒருத்தர் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் சொல்ல, இன்னொருத்தர் எழுத வேண்டும். பறவை பயந்துவிடும் என்று எல்லாரும் ரகசியக் குரலில்தான் பேசுவோம். அடடா, என்ன சுகமான காலைகள் அவை! ஊரே அப்போது கொஞ்சம் மெதுவாகத்தான் எழுந்திருக்கும்.

அந்த வருஷம் நான்தான் எங்கள் பறவைக் குழுவுக்குப் புதுச் செயலாளர். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் காலை ஆறு மணிக்கே பிடித்தேன். பதவிக்கு வந்ததும் நான் போட்ட முதல் சட்டம், கணக்கெடுப்பு முடிகிறவரை யாரும் செல்லைத் தொடக்கூடாது.

என் ஜோடி இராமதாஸ் சார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. எங்கள் கூட்டத்திலேயே நல்ல காது அவருக்குத்தான் என்று பெயர். இலைக்குள் ஒளிந்திருக்கும் பறவையைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். எனக்கோ காக்கா, குயில் தவிர எதுவும் காதால் பிடிபடாது. அதனால் அவரோடு என் பெயரை நானே போட்டுக்கொண்டேன்.

"மனுஷன் இப்பல்லாம் போனும் கையுமாத்தான் இருக்காரு, கலைவாணி," என்று போன வருஷம் அவரோடு போன செல்வகுமார் எச்சரித்திருந்தான். நான்தான் கேட்கவில்லை.

ஒவ்வொரு மரத்தடியிலும் இதே கூத்து. செல்லில் யாரையோ கூப்பிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கையைத் தூக்கி உயரே பிடித்துக்கொண்டு நிற்பார். சிக்னல் தேடுகிறாராக்கும்! அப்புறம் கட் பண்ணுவார். ஒரு மெசேஜ் வரும். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்துவிட்டு, "எழுதிக்கோம்மா, தேன்சிட்டு ரெண்டு, மாம்பழக்குருவி ஒன்னு" என்பார்.

பார்த்த மாதிரியும் இல்லை, கேட்ட மாதிரியும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வேறு ஏதோ ஜோடி பார்த்ததை வாங்கி நம் கணக்கில் சேர்க்கிறார். ஒரே பறவையை ரெண்டு பேர் எழுதினால் அந்தக் கணக்கு என்னத்துக்கு ஆகும்?

அரசமரத்தடியில் மறுபடி கை மேலே போனது. எனக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"சார்!" என்று கத்தியேவிட்டேன். "இது கணக்கெடுப்பா, இல்ல பிட் அடிக்கிற பரீட்சையா? பெரியவராச்சேன்னு பாத்தா ஓவரா போறீங்க. அடுத்த வருஷம் நீங்க வரவே வேணாம்!"

நாலு மைனா பறந்து போயின. அப்போதுதான் திரும்பினார். செல்லைக் கட் பண்ணி மெல்லக் கீழே இறக்கினார். முகம் சுருங்கிப்போயிற்று.

"கடைசியா இன்னாம்மா சொன்ன? வர வேணாம்னா?"

"ஆமா!"

"அத மட்டும் சொல்லாதம்மா. வருஷத்துல இந்த ஒரு நாளுதான் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வெளிய வர்றோம்."

"ரெண்டு பேரா? உங்களத் தவிர யாரு வந்தாங்க?"

"குஞ்சம்மாளுந்தான்."

அவர் மனைவி. எனக்கு நன்றாகத் தெரியும். நான் காலேஜில் படித்தபோது கணக்கெடுப்புக்கு இருவரும் ஒரே சைக்கிளில் வருவார்கள். அந்தம்மா பின்னால் மடியில் அட்டையோடு உட்கார்ந்திருப்பார். இவர் கேட்டுக் கேட்டுச் சொல்ல, அவர் முத்து முத்தாக எழுதுவார். அந்த ஜோடியைப் பார்க்கவே நாங்கள் சீக்கிரம் வந்துவிடுவோம். மூணு வருஷத்துக்கு முன் பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்ததில் இருந்து அந்தம்மா வாசல்படி தாண்டுவதில்லை.

"அவங்க வீட்டுலதானே இருக்காங்க?"

அவர் என் பக்கத்தில் வந்து காதைச் சாய்த்தார். "இன்னும் சத்தமா சொல்லும்மா."

திரும்பச் சொன்னேன்.

"வீட்டுலதான் இருக்கா. எனக்குக் காது போயி ரெண்டு வருஷமாச்சு. கிட்ட நின்னு கத்துனாத்தான் கேக்கும். குருவி சத்தம் சுத்தமா விழறதில்ல. இங்க எல்லாரும் கிசுகிசுன்னு பேசறதால யாருக்கும் தெரியல, நானும் சொல்லல. சொன்னா நிறுத்திடுவீங்கன்னு பயம். அவளால நடக்க முடியாது, ஆனா காது ரெண்டும் கத்தி மாதிரி. நான் செல்ல மரத்துக்கு நேரா புடிப்பேன். அவ கேட்டு மெசேஜ்ல எழுதி அனுப்புவா. வேற யாருகிட்டயும் வாங்கலம்மா, சத்தியமா."

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் செல் அதிர்ந்தது.

"இதோ, அரசமரத்துக்கு வந்துட்டுது. நம்பிக்கை இல்லன்னா நீயே படிச்சிக்கோ," என்று என்னிடம் நீட்டினார்.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"குக்குறுவான் ரெண்டு, தையல்சிட்டு ஒன்னு. பக்கத்துல ஒரு பொண்ணு கோவமா கத்துது. பாவம், காலைல ஒன்னும் சாப்புடாம வந்திருக்கும். உங்க இட்லில பாதிய அதுக்குக் குடுங்க."