இருபத்தோராம் பலகை

“பவளத்த எண்ணுனா அது சாவாதாம்மா?” என்று மகள் ஆஷா ஒருமுறை கேட்டாள். “எண்ணுனாத்தான் காப்பாத்தணும்னு தோணும்” என்றாள் ரோஸ்மேரி.

நல்லூரில் பனியன் செக்கிங் வேலை முடிந்ததும், தூத்துக்குடிக் கடலடியில் பவளம் வளர்க்கும் திட்டத்தில் முங்கும் அண்ணன் லூர்து எடுத்தனுப்பும் படங்களில் அவள் பவளங்களை எண்ணித் தருவாள். அங்கே பவளத் துண்டுகள் கட்டி இறக்கிய சிமெண்ட் பலகைகள் இருபது. பத்திலாவது உயிர் இருந்தால்தான் இழுவைப் படகுகளுக்கான தடை தொடரும். இந்தக் கோடையில் ஒன்பதுதான் தேறின. ஆனால் படத்தில் இருபத்தோராவதாக ஒரு பலகை இருந்தது.

“பனியன்ல ஓட்டை பாத்துப் பாத்து ஒனக்குக் கண்ணு அவிஞ்சிட்டு பிள்ள” என்று போனில் சிரித்தான் லூர்து. மறுநாள் முங்கிப் பார்த்துவிட்டு அழைத்தபோது அவன் சிரிக்கவில்லை.

“இருக்கு. அதுல எல்லாத் துண்டும் உயிரோட இருக்கு. நாங்க நைலான் கயித்துல கட்டுவோம். இது ஓவர்லாக் நூலு. தையல் மிஷின்ல நூல் கோன் மாத்தும்போது அப்பா போடுவாங்கல்ல, அந்த முடிச்சு.”

அப்பா சூசை இளவயதில் அதே இடத்தில் பவளப்பாறையை உடைத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொடுத்தவர். நல்லூருக்கு வந்து டெய்லரான பிறகு, அதற்காகத் தினமும் ஜெபத்தில் அழுவார். அவர் இறந்து மூன்று வருடமாகிறது.

ரோஸ்மேரி படத்தைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு முடிச்சிலும், அப்பா வெட்டுவது போலவே, நூல் நுனி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. அவள் பத்து என்று எழுதினாள்.