வாசம் எதுவரைக்கும்?

சிநேகா ஆன்லைனில் விற்கும் கருவாடு முழுக்க, அடுப்புக்குப் பக்கத்தில் திறந்திருக்கும் லேப்டாப்புக்குள்தான் கடை விரித்திருக்கிறது. மீன் பெயர், எடை, விலை என்று ஏற்கெனவே உள்ள கட்டங்களுக்குக் கீழே இன்று அவளாகவே ஒன்று சேர்த்திருக்கிறாள்: 'வாசம் எதுவரைக்கும்?' கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளில் பக்கத்து வீட்டுக்குப் பயந்துதானே பாதிப்பேர் வாங்குவதில்லை! சட்டியில் நெத்திலி பொரிகிறது. கணவன் ஜெரோம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நிற்கிறான். "வாசப்படி தாண்டலமே!" அதையே கட்டத்தில் அடிக்கிறாள். அடுத்து வாளை. இன்னொரு புகார் வந்தால் வியாபாரத்தையே நிறுத்தச் சொல்லிவிட்டது குடியிருப்போர் சங்கம். ஆனால் வறுத்துப் பார்க்காமல் எப்படி எழுதுவது? சுர்ரென்று எண்ணெய் சீற, ஜன்னல் வெயிலில் புகை சுருண்டு ஏறுகிறது. ஜெரோம் மோப்பம் பிடித்தபடி படியேறிக்கொண்டே கத்துகிறான். "மொத மாடி... ரெண்டு... மூணுலயும் வந்துகினு கீது!" 'மூணு மாடி' என்று அடித்துச் சேமிக்கிறாள். மேலே ஒரு கதவு படாரென்று திறக்கிறது. ஜெரோம் தடதடவென்று இறங்கி ஓடிவருகிறான். "போச்சு! புகார் குடுத்த அம்சாக்கா வெளியே வந்து நிக்குது!" அந்த நேரம் பார்த்து போன் கிணுகிணுக்கிறது. ஆர்டர். வாளை, ஒரு கிலோ. அம்சா, மூணாவது மாடி. கீழே ஒரு குறிப்பு: 'பார்சல் மேல கருவாடுன்னு எழுத வேணாம்.'